கட்டில் கிடந்த மூலை

ஜூன் 9, ஞாயிறு

தொட்டி வந்துவிட்டது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி உயரம். கொளத்தூரிலிருந்து குட்டியானை வண்டியில் ஏற்றி வந்தார்கள். லிஃப்டில் நுழையாததால் இரண்டு பேர் மூன்றாவது மாடி வரை படியில் தூக்கி வந்தார்கள். கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "என்ன சார், புது ஃப்ரிட்ஜா?" என்றார். மீன் தொட்டி என்றேன். "ஓ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த "ஓ" எனக்குப் பிடிக்கவில்லை.

மீனோடு செடியும் வளர்க்கும் தொட்டி வைக்கிறவர்கள் தினப்படி குறிப்பு எழுத வேண்டும் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். என்றைக்குத் தண்ணீர் மாற்றினோம், எந்தச் செடி எப்போது நட்டோம் என்றெல்லாம். அதனால்தான் எழுதுகிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

ஹாலில் ஜன்னலுக்கு எதிர் மூலையில் ஸ்டாண்டைப் போட்டாயிற்று. நேர் வெயில் பட்டால் பாசி பிடிக்கும். வெயில் படாத இடம் இந்த வீட்டில் அது ஒன்றுதான். அப்பாவின் கட்டில் அங்கேதான் கிடந்தது. அதைக் கழற்றி மொட்டைமாடி அறையில் போட்ட பிறகு, காலையில் எழுந்து வந்தால் கண் தானாக அந்தக் காலி மூலைக்குத்தான் போகிறது. தரையில் கட்டில் கால்களின் தடம்கூட இருக்கிறது. எதையாவது வைத்தால்தான் சரிப்படும் என்று தோன்றியது.

அப்பா முதியோர் இல்லத்துக்குப் போயிருப்பது இரண்டு மாதத்துக்குத்தான். எழுபத்தெட்டு வயது, கை நடுக்க நோய். மே மாதம் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். டைல்ஸை மாற்றி, பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி பொருத்தியதும் கூட்டி வந்துவிடுவோம். ஹேமா தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, "மாமா வந்தா கட்டிலை எங்கங்க போடறது?" என்று மட்டும் கேட்டாள்.

"அப்ப பாத்துக்கலாம்" என்றேன்.

ஜூன் 16, ஞாயிறு

இன்று நடவு. முதலில் கறுப்பு உருண்டை உருண்டையாக இருக்கும் செடி மண், முன்பக்கம் இரண்டு விரல் உயரம், பின்பக்கம் நான்கு விரல். அதன்மேல் கல். கல்லுக்கு நடுவே ஒரு மரக்கட்டை. கட்டையை ஒரு வாரம் ஊறப்போட்டும் அது மூழ்க மாட்டேன் என்று மிதந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஹேமா இஞ்சி தட்டும் கல்லை எடுத்து அதன்மேல் வைத்தாள். "இது போச்சு, இனிமே டீக்கு இஞ்சி கெடையாது" என்றாள்.

பின்வரிசைக்கு நீளப்புல் மாதிரி வளரும் வாலிஸ்னேரியா. கட்டையில் நூலால் கட்டியது ஜாவா ஃபெர்ன். நடுவில் கிரிப்டோ என்ற குட்டைச் செடி. இடுக்கியால் ஒவ்வொன்றாக நட மதியம் முழுவதும் ஆனது. கழுத்து விட்டுப்போகிறது, ஆனால் மனசுக்கு நன்றாக இருந்தது. இந்த ஆறு மாதத்தில் நான் ஒரு வேலையை இவ்வளவு பொறுமையாகச் செய்ததில்லை.

மாலை வேதா அக்கா ராணிப்பேட்டையிலிருந்து பேசினாள். அப்பாவை இல்லத்தில் விட்டது அவளுக்கு இப்போதுதான் தெரியும். நான் சொல்லவில்லை; சித்தப்பா மகன் சொல்லியிருக்கிறான்.

"ஏன்டா ஜெகா, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலையா? யார் எடுத்த முடிவு இது?"

ஹேமாவால் முடியவில்லை என்றேன். முடியத்தானே இல்லை. காலையில் ப்ளே ஸ்கூல் வேலைக்குப் போய்விட்டு வந்து, மதியத்திலிருந்து அப்பாவுக்குக் குளிப்பாட்டல், துணி, சாப்பாடு எல்லாம் அவள்தான். எந்த மனுஷிக்கு முடியும்? பொய் சொல்லவில்லை.

ஜூன் 22, சனி

தண்ணீர் டீ நிறத்தில் இருக்கிறது. மரக்கட்டையின் சாயமாம். பாதியை மாற்றினேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருப்பதால் ஒருநாள் வாளியில் பிடித்து வைத்துத்தான் ஊற்ற வேண்டும்.

ஜூன் 23, ஞாயிறு

இல்லத்துக்குப் போனோம். திருநின்றவூர் தாண்டி உள்ளே போக வேண்டும். நல்ல இடம்தான். மாமரம் இருக்கிறது, நர்ஸ் இருக்கிறார், தரை துடைத்துப் பளிச்சென்று இருக்கிறது. ஹேமா மிளகு ரசமும் பீன்ஸ் பொரியலும் கொண்டு வந்திருந்தாள். ஸ்பூனால் ஊட்டிவிட்டாள். நான் அந்த நேரத்தில் அலுவலக அறைக்குப் போய் வார்டனிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

"டைல்ஸ் வேல எந்த அளவுல இருக்குடா?" என்று அப்பா கேட்டார்.

"ஆள் வரலப்பா" என்றேன்.

கூப்பிட்டால்தானே வருவான்.

ஜூலை 2, செவ்வாய்

கிரிப்டோ எல்லாம் அழுகிக்கொண்டிருக்கிறது. நட்டபோது பச்சையாக நின்ற இலைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடி மாதிரி வெளுத்து, தொட்டால் கரைகின்றன. பயந்துபோய்க் கடைக்குப் போன் செய்தேன். கடைக்காரர் சிரித்தார். "எடம் மாத்தினா இந்தச் செடி இலையெல்லாம் கொட்டிடும் சார். எல்லாருக்கும் இதான். பயந்துக்கினு புடுங்கிடாதீங்க. வேரு இருந்தா திரும்ப வரும்."

நிம்மதியாக இருந்தது. அழுகிய இலைகளை மட்டும் கிள்ளி எடுத்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

அப்பா மெலிந்திருக்கிறார். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் என் மூன்று விரல் போகும். முதல் மாதம் எல்லாரும் இப்படித்தான் இருப்பார்கள், போகப் போகச் சரியாகிவிடும் என்று வார்டன் சொன்னார். ஹேமா வழி முழுவதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள்.

ஜூலை 14, ஞாயிறு

தொட்டியில் இன்னும் ஒரு மீன்கூட இல்லை. கீழ்வீட்டுக்காரர் வந்து பார்த்து, "மீன் எங்க சார்? லீவுல போயிருக்கா?" என்றார். அவருக்கு விளக்கிச் சொன்னேன். புதுத் தண்ணீரில் மீனை விட்டால் அதன் கழிவே அதற்கு விஷமாகிவிடும். அந்த விஷத்தைத் தின்னும் கிருமிகள் வடிகட்டியின் பஞ்சில் வளர்ந்து பெருக ஒரு மாதம் போல ஆகும். அதுவரை வெறும் தொட்டியோடுதான் குடித்தனம். வாரம் இரண்டு முறை கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டு, நிறம் பார்க்கிறேன். இன்று மஞ்சளாக வந்தது. தயார் என்று அர்த்தம்.

"இவ்ளோ பொறுமை உங்களுக்கு எங்க இருந்துங்க வந்துச்சு?" என்று ஹேமா கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

எழுதிவிடுகிறேன், இங்கே யார் பார்க்கப் போகிறார்கள். அப்பா சாப்பிடுவதை என்னால் பார்க்க முடியவில்லை. அதுதான் விஷயம். தட்டிலிருந்து வாய்க்குப் போவதற்குள் பாதிச் சோறு மடியில் விழும். அவர் அதைப் பொறுக்கி எடுத்து மறுபடி வாயில் போடப் பார்ப்பார். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் வரும். பரிதாபம் வந்திருக்க வேண்டும், வந்தது எரிச்சல். ஒரு தடவை, "மெதுவாச் சாப்பிட்டாத்தான் என்னப்பா" என்று கத்திவிட்டேன். அவர் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, பசி இல்லை என்று சொல்லிவிட்டார். ஹேமா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுவாள், நான் செல்போனோடு பால்கனியில் நிற்பேன். பாத்ரூமில் விழுந்தது நடந்திராவிட்டால் வேறு ஏதாவது காரணம் தேடியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

ஜூலை 21, ஞாயிறு

இன்று மீன்கள் வந்தன. நியான் டெட்ரா, ஒரு கூட்டம். உடம்பில் நீலக்கோடு, வாலில் சிவப்பு. விரல்நுனி அளவுதான் இருக்கும்.

மீனை வாங்கி வந்து அப்படியே கொட்டிவிடக் கூடாது. பையைக் கட்டு பிரிக்காமல் தொட்டியில் மிதக்க விட வேண்டும். வெளித் தண்ணீரும் உள்தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு, பையைப் பிரித்து, தொட்டித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊற்ற வேண்டும். கொஞ்சம் ஊற்றி, கொஞ்சம் பொறுத்து, மறுபடி கொஞ்சம். பிறகு வலையால் மெல்ல எடுத்து விட வேண்டும். அன்று முழுவதும் விளக்கு போடக் கூடாது, சாப்பாடு போடக் கூடாது, பக்கத்தில் நின்று சத்தம் போடக் கூடாது. புது இடம், பயந்து போகும். இதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தேன். டிவியைக்கூட அணைத்துவிட்டேன்.

மீன்கள் முதலில் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றன. சாயங்காலத்துக்குள் செடிகளுக்கு நடுவே கூட்டமாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டன. ஹேமாவைக் கூப்பிட்டேன். அவள் வந்து தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அழகா இருக்குங்க" என்றாள். பிறகு, "மாமாவுக்கு ராத்திரி பாத்ரூம் எந்தப் பக்கம்னு இன்னும் பழகலையாம். நர்ஸம்மா சொன்னாங்க" என்றாள்.

அவள் புதன்கிழமைகளில் ப்ளே ஸ்கூல் முடிந்து நேராக ரயில் பிடித்து அங்கே போய்விட்டு வருகிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. கேட்டால் அவளும் ஏதாவது கேட்பாள்.

அப்பாவை நாங்கள் கொண்டுபோய் விட்டது ஒரு மதிய நேரம். மூன்று சட்டை, இரண்டு வேட்டி, மாத்திரை டப்பா. கையெழுத்துப் போட்டேன், அறையைக் காட்டினார்கள், கட்டிலில் உட்கார வைத்தேன். டாக்சிக்காரர் கீழே காத்திருக்கிறார் என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். மொத்தமும் ஒரு படத்தின் இடைவேளை நேரம்கூட ஆகியிருக்காது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சொன்ன இரண்டு மாதம் முடிந்துவிட்டது. அப்பா கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே கேட்ட மாதிரி இருந்தது. நானாக, "இன்னும் கொஞ்சநாள் ஆகும்ப்பா" என்று ஆரம்பித்தேன். டைல்ஸ்காரன் கதை பழசாகிவிட்டது என்று எனக்கே தெரியும். அதனால் தொட்டியைச் சொன்னேன். ஹாலில் ஒரு தொட்டி வைத்திருக்கிறோம், மண் போட்டுச் செடி நட்டது, இப்போது நகர்த்தினால் எல்லாம் கலங்கிவிடும், செடி வேர் பிடிக்கட்டும் என்று பார்க்கிறோம் என்றேன். இதைச் சொன்னபோது எனக்கே காது கூசியது.

"மீன் தொட்டியா? எவ்ளோ பெருசு?"

கையை விரித்துக் காட்டினேன். அவரும் தன் கையை விரித்து அளவு பார்த்தார். அவர் கைகள் நடுங்கியதால் அளவு கூடிக் குறைந்துகொண்டே இருந்தது.

"என் கட்டில் எடத்துலயா?"

"ஆமாம்ப்பா."

"நல்ல எடம்தான். அங்க வெயில் வராது" என்றார்.

கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். இடத்தைப் பாராட்டிவிட்டார். நான் என்ன செய்வது?

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. வாலிஸ்னேரியா தண்ணீரின் மேல்மட்டம் வரை வளர்ந்து மடங்கிவிட்டதால் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தேன். கிரிப்டோவில் புதிதாகச் சின்னச் சின்ன இலை வந்திருக்கிறது.

ஹேமா சமையலறையில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு என்று சொல்ல முடியாது. "இல்லண்ணி", "சரிண்ணி" என்று இரண்டு வார்த்தைதான் இந்தப் பக்கம். மற்றதெல்லாம் அந்தப் பக்கம். முடித்துவிட்டு வந்து எனக்குப் பின்னால் நின்றாள்.

"உங்கக்கா என்ன சொல்றாங்க தெரியுமா? நாளைக்கு எனக்கும் ஒரு மருமகன் வருவானாம். எங்க பொண்ணு என்னை எங்க கொண்டுபோய் விடுவான்னு இப்பவே யோசிச்சு வச்சுக்கணுமாம்."

எங்கள் மகள் கோவையில் ஹாஸ்டலில் இருக்கிறாள். அவளை எதற்கு இதில் இழுக்கிறாள் அக்கா என்றேன். நல்ல கோபமாகத்தான் சொன்னேன்.

"அவங்ககிட்ட நீங்க என்னன்னு சொன்னீங்க?"

கை தொட்டிக்குள் முழங்கை வரை இருந்தது. வெட்டின இலைகள் மிதந்து வடிகட்டியில் போய் அடைத்துக்கொள்ளும் என்பதால் அவற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணும் சொல்லலையே" என்றேன்.

அவள் வாளியை எடுத்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள், இலைகளைப் போட.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மீன்கள் நன்றாக இருக்கின்றன. ஹேமா என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறாள். தேவைகளும் குறைந்துவிட்டன.

செப்டம்பர் 6, வெள்ளி

நாளை பிள்ளையார் சதுர்த்தி. அப்பாவை ஒருநாள் வீட்டுக்குக் கூட்டி வருகிறோம். வேதா அக்காவும் வருகிறாள். எங்களுக்காக இல்லை, அப்பா வருகிறார் என்பதால் வருகிறாள்.

தொட்டி பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று காலையிலேயே அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டேன். கண்ணாடியில் பிடித்த பாசியைச் சுரண்டினேன். தண்ணீர் பாதி மாற்றினேன். வடிகட்டியைத் திறந்து பார்த்தால் பஞ்செல்லாம் பழுப்புச் சேறு. குமட்டிக்கொண்டு வந்தது. குழாயைத் திறந்து விட்டு, பிழிந்து பிழிந்து, வெள்ளையாகும் வரை அலசினேன். சோப்பு போடவில்லை, அவ்வளவு முட்டாள் இல்லை. தொட்டி இப்போது கடைக் கண்ணாடி போல இருக்கிறது. அக்கா பார்த்தால் ஒரு நிமிஷமாவது வாயடைத்துப் போவாள்.

செப்டம்பர் 7, சனி

நான் அவ்வளவு முட்டாள்தான்.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். காலையில் நான் டாக்சியில் போய் அப்பாவைக் கூட்டி வந்தேன். ஹேமா வாசலிலேயே நின்று கையைப் பிடித்து அழைத்து வந்து சோபாவில் உட்கார வைத்தாள். அப்பா தொட்டியைப் பார்த்தார். "செடியெல்லாம் நெஜமாடா?" என்றார். நெஜம்தாம்பா என்றேன். அவருக்குச் சந்தோஷம். குனிந்து குனிந்து பார்த்தார். அக்கா வந்தாள், அப்பாவைக் கட்டிக்கொண்டாள், தொட்டி இருந்த பக்கமே திரும்பவில்லை. பூஜை முடிந்தது. ஹேமா கொழுக்கட்டையைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து அப்பாவுக்கு ஊட்டினாள். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் நான் கவனித்தேன். தண்ணீர் பால் கலந்த மாதிரி மங்கியிருந்தது. மீன்கள் எல்லாம் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஒரு மாதம் காத்திருந்து வளர்த்த கிருமிகளைக் குழாய்த் தண்ணீரில் ஒரே நாளில் கழுவிக் கொன்றுவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. குளோரின் தண்ணீரில் அந்தப் பஞ்சைக் காட்டவே கூடாது என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்! உடனே தொட்டி முன்னால் மண்டியிட்டு, குவளையில் தண்ணீரை மொண்டு மேலே தூக்கி ஊற்ற ஆரம்பித்தேன். அப்படி ஊற்றினால் காற்று கலக்கும்.

எனக்குப் பின்னால் அக்கா ஆரம்பித்தாள்.

"ஹேமா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காத. இந்த வீட்ல மீனுக்கு எடம் இருக்கு. எங்கப்பாவுக்கு இல்லையா?"

"அண்ணி, அது வந்து..."

"உன்னால முடியலன்னா எனக்கு ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாம் இல்ல? நான் கூட்டிட்டுப் போயிருப்பேன். எங்க வீடு சின்னதுதான். இருந்தாலும் எடம் பண்ணியிருப்பேன்."

"முடியலன்னு நான் எப்ப அண்ணி சொன்னேன்?"

"ஜெகாதான் சொன்னான்."

நான் திரும்பியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்ல வேண்டியிருந்தது. முடிவு என்னுடையது, ஹேமாவின் பேரைச் சொன்னது நான். அவ்வளவுதான். சொல்ல நேரமும் இருந்தது. நான் குவளையில் மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தேன். மீன் செத்துக்கொண்டிருக்கும்போது எப்படித் திரும்புவது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மீன் சாகாமல் இருந்திருந்தால் ஃபேனைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன்.

அப்பாதான் பேசினார்.

"வேதா, நிறுத்து. என்னை யாரும் அனுப்பல. ராத்திரில எழுந்து எழுந்து இவங்க தூக்கத்தக் கெடுக்கறேன்னு எனக்கே சங்கடமா இருந்துச்சு. நானாத்தான் போறேன்னு சொன்னேன். இந்தப் பொண்ணு வேணாம் வேணாம்னுதான் சொன்னா."

அக்கா அழுதுவிட்டாள். "என்கிட்ட யாரும் சொல்லலையேப்பா" என்றாள். ஹேமாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். நான் திரும்பிப் பார்த்தபோது ஹேமா அக்காவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மாலையில் அப்பாவைக் கொண்டுபோய் விட நான்தான் போனேன். ஆவடி தாண்டியதும் அவர் கேட்டார்.

"மீனு பொழச்சுக்குமா?"

"தெரியலப்பா."

"நீ சொல்லுவேன்னு கொஞ்ச நேரம் பாத்தேன்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். "உன் முதுகத்தான் பாத்துட்டு இருந்தேன். நீ தண்ணிய ஊத்திட்டே இருந்த. எனக்கு அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாக்க முடியல. அதான் நானே சொல்லிட்டேன்."

டாக்சிக்காரர் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். அவருக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

பாதிக்கு மேல் செத்துவிட்டன. வலையில் எடுத்துச் செடிச்சட்டியில் புதைத்தேன்.

பத்து மணிக்கு அக்காவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். அப்பா சொன்னது பொய், ஹேமாவால் முடியவில்லை என்று நான் சொன்னதும் பொய், அனுப்பியது நான்தான் என்று. "அவகிட்ட நான் பேசின பேச்செல்லாம்..." என்று ஆரம்பித்த அக்கா பாதியிலேயே போனை வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் ஹேமாவின் போன் அடித்தது. இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினார்கள்.

அதன் பிறகு ஹேமாவிடமும் சொல்லப் போனேன். வாயைத் திறப்பதற்குள், "தெரியும்" என்றாள்.

"எப்பத் தெரியும்?"

"அண்ணி ஃபோன் பண்ணித் திட்டின அன்னிக்கே. அவங்களா எதுக்கு அப்படிப் பேசப் போறாங்க? யாரோ சொன்னாத்தானே."

மூன்று வாரமாகத் தெரிந்துகொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

"மே மாசம் நான் ஒண்ணு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?" என்றாள். "நம்ம பெட்ரூம மாமாவுக்குக் குடுத்துடலாம், பாத்ரூம் உள்ளயே இருக்கு, ராத்திரி அவர் ஹாலத் தாண்டிப் போக வேணாம், நாம ஹால்ல பாய் போட்டுப் படுத்துக்கலாம்னு."

சொன்னாள். நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஹாலில் ஃபேன் காற்று சரியாக வராது என்றேன் அன்றைக்கு. அந்தப் பாத்ரூம் தரை வழுக்காது; டைல்ஸும் தேவைப்பட்டிருக்காது, கம்பியும் தேவைப்பட்டிருக்காது. இத்தனை நாள் எழுதியதில் இதை மட்டும் நான் எழுதவே இல்லை.

ஹேமாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "எங்கிட்ட அப்புறம் கேக்கலாம். மொதல்ல மாமாவக் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

அப்பாவுக்கு வெள்ளிக்கிழமையே போன் செய்து, ஞாயிறு வருகிறேன், வீட்டுக்கு வந்துவிடலாம் என்று சொல்லியிருந்தேன். "ம்" என்றார்.

காலையில் போனேன். அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தலை வாரியிருந்தது. பக்கத்தில் பை. பையின் கைப்பிடிமேல் அவர் கை இருந்தது.

"போகலாமாப்பா?" என்றேன்.

"எதுக்குடா? எனக்கு இங்க பழகிடுச்சு. உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?"

எனக்கு நிம்மதியாக இருந்தது. மறைக்காமல் எழுதுகிறேன். துக்கமும் வந்தது, ஆனால் முதலில் வந்தது நிம்மதி. பெட்ரூமில் படுக்கலாம், சாப்பாட்டு நேரத்தில் பால்கனிக்குப் போக வேண்டாம், கேட்டாயிற்று, அவரே வேண்டாம் என்றும் சொல்லியாயிற்று. அந்த நிம்மதி என் முகத்தில் தெரிந்த நேரத்தில் அப்பா என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிப்பா, உங்க இஷ்டம்" என்றேன்.

அவர் கையைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். டீ வந்தது. குடித்தோம். கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால், ஹேமா வாட்ச்மேனைக் கூப்பிட்டு மொட்டைமாடியிலிருந்து கட்டிலை இறக்கிப் பெட்ரூமில் போட்டிருந்தாள். புது விரிப்பு. தலைமாட்டில் தண்ணீர்ச் செம்பு. எங்கள் துணிகள் எல்லாம் ஹால் அலமாரிக்கு வந்திருந்தன. எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"மாமா எங்கங்க?"

"வரலன்னுட்டார். அங்க பழகிடுச்சாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உங்க இஷ்டம்னேன்."

"எத்தன தடவ கேட்டீங்க?"

நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன்.

"வீட்டுக்கு வந்தவங்க காபி வேணாம்னா, சரின்னு விட்டுடுவோமா நாம? மொதத் தடவ யாருங்க வேணும்னு சொல்வாங்க?"

பை கட்டி வைத்திருந்தாரா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் அடுப்பை அணைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நானும் வருகிறேன் என்றேன். "வேணாம்" என்றாள். நானும் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

மூன்று மணி சுமாருக்கு ஆட்டோ சத்தம் கேட்டது. நான் கதவைத் திறந்து வைத்தேன். அப்பா ஹேமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நேராகப் பெட்ரூமுக்குப் போனார். நான் பையை வாங்கக் கை நீட்டினேன். ஹேமா கொடுக்கவில்லை.

சாப்பாடு சூடு பண்ண அவள் சமையலறைக்கு வந்தபோது பின்னாலேயே போனேன்.

"எத்தன தடவ கேட்ட?"

"நான் கேக்கவே இல்ல" என்றாள். "பைய எடுத்துக்கிட்டேன். கெளம்புங்க மாமா, சோறு ஆறிடும்னேன்."

இப்போது அப்பா உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ஸ்பூன் தட்டில் நடுங்கித் தட்டும் சத்தம் கேட்கிறது. ஹேமா சாதத்தை மட்டும் வைத்துவிட்டு ஹாலுக்கு வந்து, எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். ஊட்டிவிடப் போகவில்லை. என்னையும் போகச் சொல்லவில்லை. இதை எழுதி முடித்துவிட்டுப் போகிறேன் என்றேன். எழுத இனி ஒன்றும் இல்லை.